மோதாத வெளி

விக்டோரியா

வான்கூவர் தீவின் ஜனவரியில் பனியைவிட மழைதான் அதிகம். கனடா என்றதும் மனதில் விரியும் வெள்ளைப் பரப்பு இங்கே இல்லை. ஓக் மரக் கிளைகளில் பாசி சடை விட்டுத் தொங்குகிறது. பாறை இடுக்குகளில் பெரணி தழைத்திருக்கிறது. விக்டோரியா நகருக்கு வடக்கே ஒரு சிறு குன்று. அதன் உச்சியில் வெள்ளைக் குவிமாடம். உள்ளே 1.83 மீட்டர் ஆடி பொருத்திய தொலைநோக்கி. 1918இல் வேலைக்கு வந்தது, இன்னும் ஓய்வு பெறவில்லை.

என்னை அழைத்துப் போனவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. குவிமாடத்தைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கதை சொல்லும் வேலையைத் தானாக ஏற்றுக்கொண்டவர். "வருகிறவர்கள் எல்லாரும் கருந்துளையைப் பற்றிக் கேட்பார்கள். நீங்கள்தான் மெக்கெல்லரைக் கேட்கிறீர்கள்" என்றார். குரலில் சந்தோஷம் தெரிந்தது. குடையை மடக்கிவிட்டு உடனே தொடங்கிவிட்டார்.

ஆண்ட்ரூ மெக்கெல்லர் இந்தக் குன்றில் வேலை பார்த்தவர். நட்சத்திரங்களுக்கு நடுவே ஒன்றுமில்லை என்று நினைக்கும் இடத்தில் சிறு மூலக்கூறுகள் மிதக்கின்றனவா என்பது அவர் காலத்துக் கேள்வி. ஒரு கார்பன் அணுவும் ஒரு நைட்ரஜன் அணுவும் சேர்ந்த சி.என். அங்கே இருந்தால், பின்னாலிருந்து வரும் நட்சத்திர ஒளியில் எந்த அலைநீளத்தில் கறுப்புக் கோடு விழ வேண்டும் என்று 1940இல் அவர் கணக்குப் போட்டுச் சொன்னார். கலிஃபோர்னியாவின் மவுன்ட் வில்சனில் வால்டர் ஆடம்ஸ் தேடிப் பார்த்தார். கோடு அங்கேயே இருந்தது.

விஷயம் அதோடு முடியவில்லை. பெரிய கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மெலிந்த கோடும் இருந்தது. மூலக்கூறுக்கு ஆற்றல் படிகள் உண்டு. கடைசிப் படி அடிநிலை. ஒளியை விழுங்கினாலோ மோதலில் உதை வாங்கினாலோ அது மேலே ஏறும். ஏறி நிற்கும் நிலைதான் கிளர்நிலை. பெரிய கோடு சுழலாமல் சும்மா இருக்கும் சி.என். மூலக்கூறுகளுடையது. மெலிந்த கோடு, சுழற்சியின் முதல் படியில் நிற்கும் சில மூலக்கூறுகளுடையது. இரண்டின் விகிதத்தை வைத்து, எந்த வெப்பநிலையில் இத்தனை பேர் மேற்படியில் நிற்க முடியும் என்று 1941இல் மெக்கெல்லர் கணக்கிட்டார். விடை 2.3 கெல்வின், அதாவது மைனஸ் 271 டிகிரி செல்சியஸை ஒட்டியது.

அவ்வளவு குளிரில், மோத ஆளில்லாத வெளியில், அந்தச் சில மூலக்கூறுகளை யார் தட்டி எழுப்பினார்கள் என்று அப்போது யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. 1965இல் நியூ ஜெர்சியில் பென்சியாஸும் வில்சனும் தங்கள் ஆன்டெனாவில் போகவே போகாத இரைச்சலைக் கேட்டு, அண்டம் முழுவதும் சுமார் 3 கெல்வின் நுண்ணலை நிரம்பியிருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பழைய தாளைப் புரட்டினார்கள். பிரபஞ்சப் பிறப்பின் மிச்ச வெப்பத்தில் சுழன்றுகொண்டிருந்தது ஒரு கார்பன் மூலக்கூறு. மெக்கெல்லர் 1960இலேயே இறந்துவிட்டார்.

"நோபல் பரிசு இந்தக் குன்றின் வாசல் வரை வந்து திரும்பிப் போய்விட்டது" என்றார் ஆசிரியை. ஆற்றாமையை நன்கு பழகிய சிரிப்போடு சொன்னார்.

இறங்கும்போது ஆய்வு மையத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்தேன். ஹெர்ஸ்பெர்க் பெயர். மதுரையில் எம்.எஸ்ஸி. படித்த நாட்களில் எங்கள் துறை நூலகத்தில் அந்தப் பெயர் தாங்கிய தடித்த புத்தகங்கள் இருந்தன. மூலக்கூறு நிறமாலைக்கு அதுதான் வேதம் என்பார் எங்கள் பேராசிரியர். புத்தகத்தில் பெயராக இருந்த மனிதரின் தடத்தைப் பிடித்துக் கிழக்கே போவதுதான் இந்தப் பயணத்தின் நோக்கம்.

மலையிலிருந்து சமவெளிக்கு

வான்கூவரிலிருந்து கிளம்பும் ரயில் ஃப்ரேசர் ஆற்றின் பள்ளத்தாக்கில் நுழைந்து, இரவெல்லாம் ஆறுகளின் ஓரமாகவே ஏறுகிறது. கண்ணாடிக் கூரை போட்ட பெட்டியில் உட்கார்ந்தால் ராக்கி மலைகள் தலைக்கு மேல் நகர்கின்றன. ஜாஸ்பரைத் தாண்டி மலை சட்டென்று முடிந்துவிடுகிறது. பிறகு வெறும் சமவெளி. வேலி, மின்கம்பம், எப்போதாவது ஒரு தானியக் கிடங்கின் கோபுரம், மறுபடி பனி. நம் ஊரில் ரயில் ஓடும்போது ஐந்து நிமிடம் மனிதர் கண்ணில் படாமல் இருக்காது. ஆட்டுக்காரர், கிணற்றடி, கேட்டுக்கு அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் காலூன்றி நிற்கும் குடும்பம் என்று யாராவது தென்படுவார்கள். இங்கே ஒரு மணி நேரமாக நான் பார்த்த ஒரே உயிர், தண்டவாளத்தை முறைத்தபடி நின்ற நரி.

எதிரே ஒரு கோதுமை விவசாயியும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய தாத்தா உக்ரைனிலிருந்து வந்து காடு திருத்தியவர். "பக்கத்து வீட்டுப் புகை கண்ணுக்குத் தெரிந்தாலே இட நெருக்கடி என்பார் என் தாத்தா" என்று சொல்லிவிட்டு, ஜனவரியில் சாஸ்கடூனுக்கு யாராவது விரும்பி வருவார்களா என்று கேட்டார். நான் அடுப்பில் ஆரம்பித்தேன்.

காஸ் அடுப்பைப் பற்றவைத்தால் நீலமாக எரிகிறது. விறகின் மஞ்சள் ஒளி, சூடான புகைக்கரித் துகள்களின் ஒளி. நீலம் அப்படிப்பட்டதல்ல, சுடரின் அடியில் எரிபொருள் உடையும்போது நொடிப்பொழுது பிறந்து மறையும் சிறு மூலக்கூறுகளின் ஒளி அது. கார்பனும் ஹைட்ரஜனும் ஒட்டிய சி.எச். 431 நானோமீட்டரில் ஊதா கலந்த நீலத்தைத் தருகிறது. இரண்டு கார்பன் அணுக்கள் மட்டும் கைகோத்த இருகார்பன் மூலக்கூறு 473, 516, 563 நானோமீட்டர்களை ஒட்டி நீலம், பச்சை, மஞ்சள் சார்ந்த பச்சை என்று பட்டை பட்டையாக ஒளிர்கிறது. எடின்பரோவில் பிறந்த வில்லியம் ஸ்வான் 1856இல் இந்தப் பட்டைகளை முறையாக அளந்து சொன்னார். இன்றும் அவை ஸ்வான் பட்டைகள்தான். அவர் காலத்தில் எலக்ட்ரானே தெரியாது. ஒளிர்வது எந்த மூலக்கூறு என்று சொல்ல வழியில்லை.

"பாட்டிலில் பிடித்து வைத்துப் பார்க்கலாமே?" என்றார் விவசாயியின் மனைவி.

முடியாது. அதுதான் சிக்கல். நம்மைச் சுற்றியுள்ள காற்றில் ஒரு மூலக்கூறு நொடிக்குப் பல நூறு கோடி தடவை மற்றவற்றோடு மோதுகிறது. மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் தீபாவளிக்கு முதல் நாள் நிற்பது போன்ற பிழைப்பு. கிளர்நிலைக்கு ஏறிய இருகார்பன், தானாகப் பச்சை ஒளியை உமிழ்ந்து இறங்குவதற்குச் சுமார் 100 நானோநொடி வேண்டும். காற்றில் அதற்குள் நூற்றுக்கணக்கான தடவை இடி வாங்கிவிடும். ஆக்சிஜன் மேல் இடித்தால் கதையே முடிந்தது. சாதாரண நிலையில் இந்த மூலக்கூறை எடுத்து வைக்கவோ, எடை போடவோ, முகர்ந்து பார்க்கவோ முடியாது. அது விட்டுச்செல்லும் ஒளி ஒன்றுதான் சாட்சி.

"அப்படியானால் அது நிம்மதியாக வாழ வேண்டுமென்றால் எங்கே போக வேண்டும்?" என்று விவசாயி கேட்டார். நான் ஜன்னலைக் காட்டினேன். அவர் பனிவெளியைப் பார்த்துச் சிரித்தார். இன்னும் மேலே என்று விரலை உயர்த்தினேன்.

சாஸ்கடூன்

அந்தக் குளிரை விவரிப்பது கஷ்டம். மைனஸ் 20க்குக் கீழே போனபின் குளிர் தோலில் படுவதில்லை, மூக்குக்குள் முடி உறைந்து குத்துகிறது. ஆற்றின் மேல் பாலங்கள் வரிசையாக நிற்கின்றன. கீழே தெற்கு சாஸ்கச்சுவான் ஆறு பாதி உறைந்து, மீதி ஆவி கக்கிக்கொண்டு ஓடுகிறது. மறுகரையில் பல்கலைக்கழகம். சாம்பல் மஞ்சள் கல்லில் கட்டிய கட்டடங்கள்.

கெர்ஹார்ட் ஹெர்ஸ்பெர்க் 1904இல் ஹாம்பர்க்கில் பிறந்தவர். டார்ம்ஸ்டட்டில் ஆசிரியராக இருந்தார். அவருடைய மனைவி லூயிசாவும் நிறமாலை ஆய்வாளர், யூதர். யூதப் பெண்ணை மணந்தவருக்குப் பல்கலைக்கழகத்தில் இடமில்லை என்று நாஜி ஆட்சி முடிவு செய்தது. உலகத்தின் பெரிய ஆய்வகங்கள் எதிலும் கதவு திறக்கவில்லை. அப்போது கைகொடுத்தவர் ஜான் ஸ்பிங்க்ஸ் என்ற இளம் வேதியியலாளர். சாஸ்கடூனிலிருந்து 1933இல் டார்ம்ஸ்டட்டுக்குப் போய் ஹெர்ஸ்பெர்கோடு வேலை செய்தவர். அவர் ஊர் திரும்பித் தன் பல்கலைக்கழகத்தில் பேசினார். கார்னெகி அறக்கட்டளை பணம் கொடுத்தது. 1935இல் கணவனும் மனைவியும் இங்கே வந்து இறங்கினார்கள். பெருமந்தமும் வறட்சியும் புழுதிப் புயலும் சேர்ந்து இந்தப் பிரதேசத்தை நொறுக்கிக்கொண்டிருந்த காலம். விதைத்தவனுக்கே விளைச்சல் இல்லாத ஊர், மூலக்கூறின் ஒளியைப் படிக்கும் ஒரு ஜெர்மானியருக்குச் சோறு போட்டது.

பத்து வருடம் இங்கே இருந்தார். 1937இல் ஃபாக்ஸ் என்ற இளைஞரோடு சேர்ந்து இருகார்பனுக்குப் புற ஊதாப் பகுதியில் ஒரு புதிய பட்டை வரிசையைக் கண்டுபிடித்தார். 1941இல் அலெக்ஸ் டக்ளஸ் என்ற மாணவரோடு, விண்வெளியில் விடை தெரியாமல் கிடந்த சில கோடுகள் மின்னேற்றம் பெற்ற சி.எச். அயனிக்குரியவை என்று ஆய்வகக் குழாயிலேயே காட்டினார். டக்ளஸ் இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள மெல்ஃபர்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். கோதுமை வயலில் வளர்ந்த பையன் நட்சத்திர வெளியின் முதல் மூலக்கூறு அயனிக்குப் பெயர் சூட்ட உதவினான்.

வளாகத்துக்கு வெளியே ஒரு சிறு உணவகத்தில் பெரோகி சாப்பிட்டேன். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் பொதிந்த கொழுக்கட்டைதான் அது. மேலே வதக்கிய வெங்காயமும் புளித்த பாலேடும். கடைசியில் சாஸ்கடூன் பெர்ரி பை வந்தது. நாவல்பழத்தின் துவர்ப்பு கொஞ்சமும் பாதாமின் வாசனை கொஞ்சமும் கலந்த கருநீலப் பழம். பரிமாறிய மாணவி வேதியியல் படிக்கிறாள். இரவு வால்நட்சத்திரம் பார்க்க நண்பர்களோடு ஊருக்கு வெளியே போவதாகச் சொன்னாள். "நீங்களும் வரலாம். ஆனால் அந்தக் காலணியோடு வராதீர்கள்" என்றாள். யாரோ ஒருவருடைய அண்ணனின் பூட்ஸ் எனக்குக் கிடைத்தது.

2022 மார்ச்சில் பலோமார் மலையின் தானியங்கிக் கேமரா கண்டுபிடித்த வால்நட்சத்திரம் அது. செய்தித்தாள்களில் பச்சை வால்நட்சத்திரம். 2023 பிப்ரவரி முதல் நாள் பூமிக்கு மிக அருகே, சுமார் 4.2 கோடி கிலோமீட்டரில் வர இருந்தது. வண்டியை ஒரு மண்சாலையில் நிறுத்திவிட்டு நிலா மறையும் வரை காத்திருந்தோம். மதுரையில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து சுமார் 10 டிகிரி உயரத்தில் வீட்டுக் கூரைகளுக்குள் ஒளிந்திருக்கும். இங்கே அது 52 டிகிரியில், அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் நிற்கிறது. அதை ஒட்டித்தான் வால்நட்சத்திரம். பைனாகுலரில் மங்கலான ஒரு புகைப்பொட்டு. பச்சை என்று சத்தியம் செய்ய என் கண்ணால் முடியவில்லை. மாணவியின் கேமரா சில நொடிகள் திறந்து மூடியதும் திரையில் பச்சை தெளிவாக வந்தது. தலை மட்டும்தான் பச்சை. வால் வெளிறிக் கிடந்தது.

அந்தப் பச்சை, அடுப்பில் உள்ள அதே இருகார்பன். வால்நட்சத்திரம் சூரியனை நெருங்கும்போது அதன் பனி ஆவியாகிறது. அசிட்டிலீன் போன்ற கார்பன் சேர்மங்கள் வெயிலில் உடைந்து இருகார்பனாகின்றன. அங்கே இடிக்க ஆளில்லை. இருகார்பன் சூரிய ஒளியை விழுங்கிக் கிளர்நிலைக்கு ஏறும், 100 நானோநொடி நிதானமாக நிற்கும், ஸ்வான் பச்சையை உமிழ்ந்து இறங்கும், மறுபடி ஏறும். லண்டனில் வில்லியம் ஹக்கின்ஸ் 1868இல் ஒரு வால்நட்சத்திரத்தின் பட்டைகளையும், எத்திலீன் வாயுவில் மின்பொறி விட்டுக் கிடைத்த பட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கார்பன் என்று சொன்னார்.

அப்படியானால் வால் ஏன் பச்சையாக இல்லை? இருகார்பன் வால் வரை போய்ச் சேர்வதில்லை, வழியில் வெயிலே அதை உடைத்துவிடுகிறது என்று 1930களிலேயே ஹெர்ஸ்பெர்க் கருதினார். ஆனால் எப்படி உடைகிறது என்று நேரில் கண்டவர் இல்லை. 2021இல் சிட்னியில் டிமத்தி ஷ்மிட்டின் குழு கண்டது. வெற்றிடக் குழாயில் ஒரு குளோரின் சேர்மத்தைப் புற ஊதா லேசரால் அடித்து, குளோரின்களைக் கழற்றி இருகார்பனைப் பெற்றார்கள். இன்னொரு லேசரால் அதையும் உடைத்து, சிதறி ஓடிய கார்பன் அணுக்களின் வேகத்தை அளந்தார்கள். அந்த வேகத்திலிருந்து பிணைப்பின் வலிமை கிடைத்தது: மோலுக்கு 602.8 கிலோஜூல். இருகார்பனை உடைக்க ஒரு ஒளித்துகள் போதாது, இரண்டு வேண்டும். அதுவும் குவாண்டம் விதிகள் சாதாரணமாக அனுமதிக்காத இரண்டு தாவல்களைத் தாண்ட வேண்டும். அதனால்தான் அது கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது. பூமி இருக்கும் தொலைவில் அதன் ஆயுள் ஏறத்தாழ 2 நாள். அதற்குள் தலையைச் சுற்றி லட்சம் கிலோமீட்டர் அளவுக்குப் பரவிப் பச்சை கட்டும். வாலை நிறைக்க அந்த ஆயுள் போதாது.

உடையும் வழி எது? 1937இல் ஃபாக்ஸும் ஹெர்ஸ்பெர்கும் இந்த ஊரில் கண்ட புற ஊதாப் பட்டைகளின் மேல்நிலை. அந்தக் கிளர்நிலையில் அதிர்வு ஓரளவுக்கு மேல் கூடினால் இரண்டு அணுக்களும் திரும்பிச் சேராமல் பிரிந்துவிடுகின்றன. வறட்சிக்கால ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டில் விழுந்த பட்டைக்கு அந்தப் பொருள் தெரிய 84 வருடம் ஆனது.

உலகப் போர் முடிந்த 1945இல் ஹெர்ஸ்பெர்க் அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்துக்குப் போனார். நம் வானியற்பியலாளர் சந்திரசேகர் அப்போது அங்கேதான் இருந்தார். 1948இல் கனடாவே திரும்ப அழைத்துக்கொண்டது. இந்தத் தடவை ஒட்டாவாவுக்கு.

ஸ்கார்பரோ

டொரன்டோவில் இறங்கியவுடன் காதுக்குத் தமிழ் கிடைத்தது. ஸ்கார்பரோவில் நண்பர் ஒருவரின் அக்கா வீடு. வடமராட்சிக்காரர். எண்பதுகளில் அகதியாக வந்தவர். கதவைத் திறந்ததும், "என்ன தம்பி, இந்தக் குளிருக்குள்ள எங்கயெல்லாம் திரிஞ்சனீங்கள்? முதல் வந்து சாப்பிடுங்கோ" என்றார். சிவப்பரிசி இடியப்பம், சொதி, மீன் குழம்பு, தேங்காய்ச் சம்பல். சமவெளியின் அத்தனை நாள் வெண்ணெய்க்கும் உருளைக்கிழங்குக்கும் நாக்கு பழிதீர்த்துக்கொண்டது.

நான் சமவெளியின் வெறுமையைப் பற்றி வியந்து பேசிக்கொண்டே போனேன். மோத ஆளில்லாத இடத்தில்தான் மூலக்கூறு தன் ஒளியைக் காட்டுகிறது என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, வெறுமை நல்லதெண்டு நீங்கள் சொல்லலாம். நாங்கள் வந்த முதல் மாரியில ஒரு தமிழ்க் குரல் கேக்கிறதுக்காக ஒரு மணித்தியாலம் பஸ்ஸில போவம். எனக்கு இஞ்ச முதல் வேலை எடுத்துத் தந்தது ஒரு இத்தாலிக் கிழவி. அந்த மனுசி மட்டும் கதைச்சிருக்காட்டி நான் எங்கயோ."

அறிவியல் அவர் பக்கமும் பேசும். இரண்டு கார்பன் அணுக்கள் வெறும் வெளியில் சந்தித்தால் பெரும்பாலும் ஒட்டுவதில்லை. சேரும்போது வெளிப்படும் ஆற்றல் போக இடமில்லாமல், வந்த வேகத்திலேயே இரண்டையும் பிரித்துவிடும். பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று வந்து இடித்து, அந்த ஆற்றலில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு போனால்தான் பிணைப்பு நிலைக்கும். சேர்வதற்குக் கூட்டம் வேண்டும்; சேர்ந்ததைப் பார்ப்பதற்கு வெளி வேண்டும். ஹெர்ஸ்பெர்க் கதையில் வெளியை மட்டும் பார்த்துக்கொண்டே வந்த எனக்கு, ஸ்பிங்க்ஸ் என்ற மூன்றாமவரை அக்காதான் காட்டினார்.

ஒட்டாவா

அந்தக் குளிர்காலத்தில் ஒட்டாவா தன் கால்வாயைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நகரின் நடுவே ஓடும் ரிடோ கால்வாய் உறைந்ததும் 7.8 கிலோமீட்டர் நீளத்துக்குச் சறுக்குப்பாதையாகும். 1970களின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு வருடமும் திறந்தது. 2023 சீசனில் திறக்கவே இல்லை. பனி போதிய தடிமன் கட்டவில்லை. சறுக்குக் காலணிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, எச்சரிக்கைப் பலகையை வாசித்துவிட்டுத் திரும்பும் குழந்தைகளைப் பார்த்தேன். மைனஸ் 20இல் நடுங்கும் எனக்கு, இது போதாத குளிர் என்ற புகார் புதிதாக இருந்தது.

சசெக்ஸ் டிரைவ் 100ஆம் எண். 1932இல் திறந்த தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் கட்டடம். தூண் வரிசையோடு கோயில் மாதிரிதான் கட்டியிருக்கிறார்கள். ஒட்டியே ரிடோ அருவி ஒட்டாவா ஆற்றில் விழுகிறது. பாதி நீர், பாதி பனிக்கட்டி. ஹெர்ஸ்பெர்க் 1948இல் இங்கே சேர்ந்து 1999இல் இறக்கும் வரை இந்த ஊர்க்காரராகவே இருந்தார். 1971இல் வேதியியல் நோபல் பரிசு, இயற்பியலாளருக்கு வேதியியலில். சிறு மூலக்கூறுகளின், குறிப்பாக நிலையற்ற துண்டுகளின் எலக்ட்ரான் அமைப்பையும் வடிவத்தையும் அறிந்ததற்காக. லூயிசாவும் இந்த ஊரில் ஆய்வைத் தொடர்ந்தார்.

இங்கே முடிந்த வழக்குகளில் எனக்குப் பிடித்தது மூன்று கார்பன் வழக்கு. ஹக்கின்ஸ் 1881இல் ஒரு வால்நட்சத்திரத்தைப் புகைப்படம் எடுத்தபோது 405 நானோமீட்டரை ஒட்டி ஊதாவில் ஒரு கொத்து தெரிந்தது. யாருடையது என்று 60 வருடம் தெரியவில்லை. 1942இல் சாஸ்கடூனில் ஹெர்ஸ்பெர்க் அதை ஆய்வகத்தில் வரவழைத்துவிட்டு, ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் சேர்ந்ததாக இருக்கலாம் என்றார். பிறகு ஹைட்ரஜனுக்குப் பதில் கனமான டியூட்டீரியத்தை வைத்துப் பார்த்தார்கள். பட்டை இம்மியும் நகரவில்லை. ஹைட்ரஜனே அதில் இல்லை என்று ஆகிவிட்டது. 1951இல் மெல்ஃபர்ட் பையன் டக்ளஸ் இந்தக் கட்டடத்தில் கார்பன்-13 என்ற கனத்த கார்பனைக் கலந்து பார்த்தார். பட்டை கிளை கிளையாகப் பிரிந்தது. மூன்று கார்பன்கள் வரிசையாக நின்றால்தான் அப்படிப் பிரிய முடியும். குருவின் ஊகத்தைச் சீடன் திருத்தினான்; குரு அவனை இன்னும் நெருக்கமாக வைத்துக்கொண்டார்.

மூன்று கார்பன் விசித்திரமான பிறவி. நேர்கோட்டு மூலக்கூறுதான், ஆனால் நடுவில் அவ்வளவு இளக்கம். கார்பன் டை ஆக்சைடை வளைக்கத் தேவைப்படும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் இது வளைந்துவிடும். கிளர்நிலைக்கு ஏறும்போது எலக்ட்ரானின் ஓட்டமும் எலும்புக்கூட்டின் வளைவும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. ஹெர்ஸ்பெர்கும் கூட்டாளிகளும் அந்தச் சிடுக்கை 1965இல்தான் அவிழ்த்தார்கள்.

இன்னொரு வழக்கு இருகார்பனின் அடிநிலை பற்றியது. ஸ்வான் பட்டைகள் எங்கும் பளிச்சென்று தெரிந்ததால், அவை இறங்கி நிற்கும் கீழ்நிலைதான் மூலக்கூறின் கடைசிப் படி என்று எல்லாரும் நம்பினார்கள். 1959இல் இங்கே பாலிக்கும் டொனால்ட் ராம்சேயும் அதற்குக் கீழே இன்னொரு படி இருப்பதைக் காட்டினார்கள். இரண்டுக்கும் இடைவெளி 0.1 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவு. சுடரின் சூட்டில் இரண்டு படியிலும் தாராளமாகக் கூட்டம் நிற்கும். மேற்படிக்காரர்களின் ஒளி கண்ணுக்குத் தெரியும் பச்சையில் விழுகிறது. உண்மையான அடிநிலைக்கு இறங்குகிறவர்களின் முக்கியமான பட்டைகள் சிவப்புக்கு அப்பால் கண் எட்டாத இடத்தில் விழுகின்றன. பளபளப்பை வைத்து அடித்தளத்தை முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இருகார்பன் ஒரு நிரந்தர உதாரணம்.

1964இல் ஹரால்ட் குரோட்டோ என்ற ஆங்கிலேய இளைஞர் இதே கட்டடத்தில் பயிற்சிக்கு வந்து இரண்டு வருடம் இருந்தார். எழுபதுகளில் அவரும் ஒட்டாவா நண்பர்களும் ஒன்டாரியோவின் அல்கான்குவின் வானொலித் தொலைநோக்கியால் ஐந்து, ஏழு, ஒன்பது கார்பன்கள் கொண்ட சங்கிலிகளை விண்வெளியில் கண்டார்கள். இந்தச் சங்கிலிகள் எங்கே பிறக்கின்றன என்ற கேள்வியோடுதான் அவர் 1985இல் டெக்சஸின் ரைஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கர்ல், ஸ்மாலி கூட்டணியோடு கிராஃபைட்டை லேசரால் ஆவியாக்கியபோது 60 கார்பன் கொண்ட பந்து வந்து நின்றது. 2015இல் சுவிட்சர்லாந்தின் பாசலில் ஜான் மையரின் குழு, அந்தப் பந்தின் அயனியைச் சுமார் 6 கெல்வினுக்குக் குளிர்வித்து நிறமாலை எடுத்தது. நட்சத்திர வெளியின் புதிர்ப் பட்டைகளில் இரண்டோடு அது பொருந்தியது. புதிர்ப் பட்டைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. பெரும்பாலானவை யாருடையவை என்று இன்னும் வழக்கு நடக்கிறது.

எழுபதுகளில் கனடாவில், அறிவியலுக்குக் கொடுக்கும் பணத்துக்குத் தேசிய நோக்கமும் திட்டமும் வேண்டும் என்று செனட் குழு ஒன்று அறிக்கை எழுதியபோது, ஹெர்ஸ்பெர்க் அதை வெளிப்படையாக எதிர்த்தார். பயன் கேட்டு நெருக்கினால் அடிப்படை ஆய்வு செத்துப்போகும் என்பது அவர் கட்சி. நோபல் பரிசின் கனம் அந்தக் குரலுக்குப் பின்னால் இருந்தது.

மாலையில் பசித்தது. ஒட்டாவாவில் தெருவுக்குத் தெரு லெபனான்காரர்களின் ஷவர்மா கடைகள். ரொட்டியைச் சுருட்டிக்கொண்டே கடைக்காரர் எங்கிருந்து வருகிறேன், எதற்கு வந்தேன் என்று விசாரித்தார். அருவிப் பக்கத்துக் கட்டடத்தைப் பார்க்க வந்தேன், அங்கேதான் மூன்று கார்பன் சேர்ந்த மூலக்கூறை அடையாளம் கண்டார்கள் என்றேன்.

"அதை விற்றார்களா?"

"விற்க முடியாது. பிடித்து வைத்தால் நிற்காது."

"பிறகு யார் காசு கொடுத்தது?"

"அரசாங்கம். ஐம்பது வருடம் சம்பளம் கொடுத்தது."

சற்று யோசித்தார். "நான் சண்டைக்குத் தப்பி வந்தவன். எனக்கு முதல் வருடம் இந்த அரசாங்கம் எதுவும் கேட்காமல் கொடுத்தது. இப்போது வரி கட்டுகிறேன். அவர்களும் கட்டியிருப்பார்கள், வேறு மாதிரி." சொல்லிவிட்டு, பூண்டுச் சட்னி கூடுதலாக வேண்டுமா என்று கேட்டார்.

வேண்டும் என்றேன்.